சைரகானின் உதடும் என் நட்சத்திரமும்

சீன எல்லையிலிருந்து காஸ்பியன் கடற்கரை வரைக்கும் என்னைவிட அதிகமாக நட்சத்திரம் கண்டுபிடித்தவள் எவளும் இல்லை. சரி, இது கொஞ்சம் கூடுதல். கொஞ்சம் என்ன, நிறையவே கூடுதல். நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் பதினோரு நாள்தான் நட்சத்திரமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் அது என்ன என்று தெரிந்துபோனது. அதற்கான தண்டனையை அனுபவித்தவள் வேறொருத்தி. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், என்னைப் பற்றித் தொடங்கிவிட்டேன்.

அவள் பெயர் சைரகான். கூட்டுப்பண்ணை ஆடுகளை மேய்த்தவருக்கு ஐந்தாவது பெண். எங்கள் வானாய்வு நிலையம் மலைமுகட்டில், பனி ஆறு மாதம் குடியிருக்கும் உயரத்தில் இருந்தது. கீழே மேய்ச்சல் நிலம். அங்கிருந்து பத்தொன்பது வயதில், ஒரு கையில் படுக்கைச் சுருளும் இன்னொரு கையில் உலர்ந்த தயிர்க்கட்டி மூட்டையுமாக ஏறி வந்தாள். வேலை, ஏழு அடுப்புகளுக்கு நிலக்கரி போடுவது, குவிமாடத்தின் மேலே பனி தள்ளுவது. நான் அப்போது தலைநகரில் படித்து முடித்து வந்து நாலு வருஷம் ஆன நோக்குநர். என் பெயர் ராக்கியா. எனக்கு அலுவலகத்தில் கொடுத்த நாய்த்தோல் கோட்டு இருந்தது. அவளிடம் அவள் அம்மாவின் பழைய பஞ்சுக் கோட்டு.

முதல் குளிர்காலத்தில் ஒருநாள் அடுப்புக்குக் கரி கொண்டுவந்தவள் குவிமாடத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவமாக இருந்தது. "வா, நீயும் பாரு" என்று தொலைநோக்கியில் கண் வைக்கச் சொன்னேன். வடக்கே ஜெத்திகென் என்று நாங்கள் சொல்லும் சப்தரிஷிக் கூட்டம் எழும்பியிருந்தது, ஏழு நட்சத்திரம். வால் நுனியில் இருக்கும் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுருள் அண்டம் உண்டு. பெரிய சுருள் ஒன்று, அதன் கை நுனியில் தொங்குவதுபோல் சின்னது ஒன்று. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பஞ்சுத் துணுக்குதான். எனக்கே முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது.

சைரகான் தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இது எனக்குத் தெரியும் அக்கா."

"என்னடி தெரியும்?"

"தோல்பையில குதிரைப்பால் ஊத்தி குமிஸ் கடையறப்போ மேல நுரை சுத்திக்கிட்டு வருமே, அது. ஓரத்துல ஒரு சொட்டுத் தெறிச்சு நிக்குது பாருங்க."

"சுத்துறது தெரியுதா உனக்கு?"

"நேராப் பாத்தாத் தெரியல. பக்கத்துல பாத்தாத் தெரியுது. ஓநாய் மாதிரிதான். இருட்டுல ஓநாயை நேராப் பாத்தா ஓநாய் இருக்காது. பக்கத்துப் புதரைப் பாத்தாத்தான் ஓநாய் இருக்கும்."

மங்கலான ஒளியை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். இவளுக்கு ஆட்டுக்கிடை சொல்லிக்கொடுத்திருந்தது. அன்றைக்கே எனக்கு வயிற்றில் சின்னதாக ஏதோ எரிந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு வருஷத்தில் அவள் இருட்டறை வேலை முழுக்கக் கற்றுக்கொண்டாள். அந்தக் காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிப்போம். தகட்டின் ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும், மறுபக்கம் வெறும் கண்ணாடி. மருந்துப் பக்கம் வானத்தைப் பார்க்க இருக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்று கும்மிருட்டில் எப்படித் தெரியும்? தகட்டின் மூலையைக் கீழுதட்டில் லேசாக வைத்துப் பார்ப்போம். மருந்துப் பக்கம் உதட்டில் ஒட்டும். கண்ணாடிப் பக்கம் வழுக்கும். அவ்வளவுதான் வித்தை.

இதில் ஒரு சங்கடம். எங்கள் மலைக் காற்றில் உதடு பிளந்து ரத்தம் வரும். அதனால் எல்லோரும் ஆட்டுவால் கொழுப்பை உருக்கி உதட்டில் தடவிக்கொண்டு அலைவோம். கொழுப்பு தடவிய உதட்டில் இரண்டு பக்கமும் வழுக்கும். தகடு ஏற்றுகிற அன்றைக்குக் காலையிலிருந்தே உதட்டில் எதுவும் தடவக்கூடாது. எல்லோருக்கும் தெரிந்த விதி, ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் சைரகான் ஒருத்திதான். ஜனவரி, பிப்ரவரியிலெல்லாம் அவள் உதடு வெடித்துக் கறுத்துக் கிடக்கும்.

எங்களுக்கு மாவும் தபாலும் கொண்டுவரும் லாரிக்காரர் குர்மான் விடமாட்டார்.

"ஏம்மா சைரகான், உன் உதட்டைப் பாத்தா தண்ணி வத்துன ஆத்துப்படுகை மாதிரி இருக்கு. இதுக்கு எவன் முத்தம் கொடுப்பான்?"

"கொடுக்கிறவன் மொதல்ல பல்லை வெளக்கிட்டு வரட்டும் அண்ணே. நீங்க உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க."

தம்பி பல்லை விளக்கினான் போலிருக்கிறது. பிற்பாடு அவனைத்தான் கட்டிக்கொண்டாள். அது வேறு கதை.

ஒரு இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் வந்தார். இந்த அளவுத் தொலைநோக்கியில் அந்தச் சுருளின் கைகள் கண் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது, தகட்டில் மட்டுமே தெரியும் என்று சாப்பாட்டு மேசையில் அடித்துப் பேசினார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சைரகான், "தெரியுமே" என்றாள். அவர் சிரித்தார். அவள் தேயிலைப் பொட்டலத் தாளைப் பிரித்து, பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைந்தாள். இரண்டு கை, நடுவே இருட்டு இடுக்கு, கை நுனியில் சின்னச் சுருளைத் தொடுகிற மெல்லிய பாலம். எங்கள் இயக்குநர் தொக்தோசுன், மரியாதைக்கு 'அகாய்' என்று சேர்த்தே கூப்பிடுவோம், எழுந்து போய் நல்ல தகடு ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். பேராசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் தேநீர் கேட்டார்.

அன்றைக்குத்தான் தொக்தோசுன் அகாய் சொன்னார்: "இவளை அடுப்புக்கு வெச்சிருக்கிறது பாவம். வர்ற வசந்தம் வரைக்கும் தப்பில்லாம வேலை நடக்கட்டும். நோக்குநர் வேலைக்கு நானே எழுதி அனுப்புறேன்."

எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி. 'தகடு ஏற்றியவர்' என்ற கட்டத்தில் சைரகான் பெயர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. 'நோக்குநர்' என்ற கட்டத்தில் என் பெயர். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டம். அன்று பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "எங்க அப்பா பேரு ஆட்டுக் கணக்குலதான் எழுதியிருக்கு அக்கா, இத்தனை ஆடு செத்துச்சுன்னு. என் பேரு அந்தக் கட்டத்துல வரணும். இன்னாரு பாத்தாருன்னு. அது போதும்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். உண்மையாகத்தான் கட்டிக்கொண்டேன். அதையும் எழுதிவைக்கிறேன், என் பக்கத்தில் வேறு நல்லது அதிகம் இல்லை.

மார்ச் மாதம் வந்தது. நியமனக் கடிதத்தை தொக்தோசுன் அகாய் எழுதி, கையெழுத்தும் போட்டு, குர்மான் லாரியில் போகவேண்டிய தோல்பைக்குள் வைத்துவிட்டார். பனிப்புயலில் பாதை அடைத்திருந்தது, லாரி இரண்டு வாரமாக வரவில்லை. புயல் நின்ற அன்று வானம் கழுவி வைத்த கிண்ணம் போலத் தெளிந்தது. ஆனால் குவிமாடத்துத் திறப்பின் மேல் பனி முழங்கால் உயரம். சுருள் நல்ல உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. நிலா எழ அதிக நேரம் இல்லை.

"அக்கா, ஒரு அரைமணி பொறுங்க. பனியைத் தள்ளிட்டு வந்து தகடு போடுறேன்" என்றாள் சைரகான்.

"நீ தள்ளு. நான் போடுறேன். எனக்குத் தெரியாதா?"

"உதட்டுல ஒண்ணும் தடவலையே?"

"என்ன நீ எனக்கு மாமியாரா?"

தடவியிருந்தேன். மத்தியானமே கைக்குட்டையில் துடைத்துவிட்டேன் என்று நினைப்பு. இருட்டறையில் தகட்டின் மூலையை உதட்டில் வைத்தேன், வழுக்கியது. திருப்பி வைத்தேன், அதுவும் வழுக்கியது. மறுபடி திருப்பினேன். ஏதோ கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருந்தது. போதும் என்று தகடு மாட்டும் சட்டத்தில் போட்டு மூடிவிட்டேன். பனி தள்ளிக்கொண்டிருப்பவளைக் கூப்பிட்டு அவள் உதட்டில் வைத்துப் பார்க்கச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் படித்தவள்.

தொண்ணூறு நிமிஷம் சைரகான் வழிகாட்டி லென்ஸில் கண்ணை வைத்து, அதில் குறுக்காகக் கட்டிய இழைகளின் நடுவிலிருந்து நட்சத்திரம் நகராமல் கைச்சக்கரத்தைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முடிந்தபோது அவளால் விரலை மடக்க முடியவில்லை. "நீ போய் அடுப்புகிட்ட உக்காரு, நான் கழுவிக்கிறேன்" என்று பெரிய மனது பண்ணினேன். ஆக அந்தத் தகட்டை ஏற்றியதும் நான், எடுத்ததும் நான், கழுவியதும் நான். அவள் விரல் அதில் படவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க ரொம்பப் பாடுபட்டிருக்கிறேன்.

காலையில் தகட்டை விளக்குமேசையில் பழைய தகட்டின் பக்கத்தில் வைத்தேன். சுருள் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

வானத்தில் இருப்பது ஒருநாளும் திரும்பாது. தகடுதான் புறமுதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்தது. சீ என்று அதைக் குப்புறப் போட்டேன். இப்போது சுருள் சரியாகச் சுற்றியது. அப்படியே எறிந்துவிடப் போனவள் பார்த்தேன், சுருளின் வெளிக்கை ஓரத்தில் உருண்டையாக, கரேலென்று ஒரு புள்ளி. தகட்டில் நட்சத்திரம் கறுப்பாகத்தான் விழும். பழைய தகட்டில் அது இல்லை. வெடித்த நட்சத்திரம்!

தகடு திரும்பியிருந்தால் என்ன, ஒளி கண்ணாடி வழியாகவும் வரும்தானே? மற்ற நட்சத்திரங்கள் கொஞ்சம் பருத்துத் தெரிந்தன. காற்று சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதிப்படி அடுத்த தெளிந்த இரவில் இன்னொரு தகடு எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அன்று மாலையே மேகம் மூடிவிட்டது, பத்து நாளைக்கு மேல் விலகவே இல்லை. அதற்குள் வேறு யாராவது பார்த்துவிட்டால்? தொக்தோசுன் அகாயிடம் தகட்டைக் குப்புறப் போட்ட வாக்கிலேயே காட்டினேன். திரும்பிய விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பாதை திறந்த அன்று குர்மான் லாரியில் தலைநகருக்கான தந்தி மலையிறங்கிப் போனது. தந்தி அவசரத்தில் தோல்பையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நடைக்கு என்று அது சுவரிலேயே தொங்கியது.

ஆடு வெட்டினார்கள். ஆட்டுத்தலை முக்கிய விருந்தாளிக்குப் போகும், எனக்கு வந்தது. "ராக்கியா நட்சத்திரம்" என்று குர்மான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பதினோரு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சைரகான் என் அறைக் கதவருகே வந்து நின்றாள்.

"அக்கா, அந்தத் தகட்டை ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?"

"எதுக்கு? கைரேகை பட்டுடும்."

"ஓரத்தைத்தான் தொடுவேன்."

"பொறாமையாடி உனக்கு?"

அவள் முகம் சிவந்தது. போய்விட்டாள். அவள் கேட்டது ஏன் என்று எனக்குத் தெரியும். நான் அப்படிச் சொன்னது ஏன் என்று அவளுக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் குர்மான் பதில் தந்தியோடு வந்தார். வேறு மூன்று நிலையங்களில் தேடினார்கள். ஒன்றும் இல்லை. தகட்டைச் சோதிக்கவும்.

தொக்தோசுன் அகாய் தகட்டைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூலையை நகத்தால் சுரண்டினார். மறுபக்கம் திருப்பிச் சுரண்டினார். பிறகு வெற்றுச் சட்டத்தை வரவழைத்து, தகட்டை அதில் வைத்துப் பார்த்தார். சட்டத்தின் பின்மூடியில் தகட்டை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் மாதிரி வளைந்த வில் பட்டை ஒன்று உண்டு. அதன் முனை சரியாக என் நட்சத்திரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. மருந்துப் பக்கம் பின்னால் போனதால் வில்லின் முனை மருந்தை அழுத்தியிருக்கிறது. அழுத்தின இடம் கழுவும்போது கறுத்துவிட்டது. ஆட்டுத்தலை தின்றது ஒரு வில்லுக்காக.

"தகட்டைத் திருப்பிப் போட்டிருக்கு" என்றார். குரல் உயரவில்லை. "யாரு போட்டது?"

பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் மையால்தான் எழுத வேண்டும், ஆனால் குவிமாடத்தில் மை உறைந்துவிடும். அதனால் மாலையிலேயே, அடுப்பு எரியும் அறையில் உட்கார்ந்து, மாறாத கட்டங்களை எல்லாம் நான் நிரப்பிவைத்துவிடுவேன். தேதி, தொலைநோக்கி, நோக்குநர், தகடு ஏற்றியவர். அந்த வரியிலும் என் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது: தகடு ஏற்றியவர், சைரகான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சியும் பார்க்கவில்லை. ஒருவர் பேசப் போகிறார் என்று தெரிந்து காத்திருப்பதுபோலப் பார்த்தாள்.

நான் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்தேன். அது ஊறிக் கரைந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. கரண்டியால் அதைத் தேடினேன். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.

"சைரகான், நீ போட்டதுதானா?" என்றார் அகாய்.

"பதிவேட்டுல என்ன இருக்கு அகாய்?"

"உன் பேரு இருக்கு."

"எழுதினவங்களைக் கேளுங்க."

அகாய் என் பக்கம் திரும்பினார். "ராக்கியா?"

"வழக்கமா அவதான் போடுவா" என்றேன்.

பொய் ஒரு சொல்கூட இல்லை, பாருங்கள். என் வாழ்க்கையிலேயே நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன வாக்கியம் அதுதான். குர்மான்கூடக் கேலி பேசாமல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். தொக்தோசுன் அகாய் எழுந்து சுவரில் தொங்கிய தோல்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பாடு முடிந்து எல்லோரும் வழக்கப்படி பிரார்த்தனைக்குக் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டபோது, நான் முகத்திலிருந்து கையை எடுக்க நேரமானது.

மறுநாளிலிருந்து சைரகான் இருட்டறைக்குள் போகவில்லை. ஏழு அடுப்பு, பனி, கரி. உதட்டில் கொழுப்பு தடவிக்கொள்ள ஆரம்பித்தாள். அவள் உதடு ஆறியதைப் பார்க்கிறபோதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னோடு பேசாமல் இல்லை. "அக்கா, கரி போதுமா?" என்பாள். "போதும்" என்பேன். அவளுக்குப் பதில் வந்தவன் கைச்சக்கரத்தில் கை நடுங்கி, தகட்டில் நட்சத்திரங்களை எல்லாம் புழுவாக நெளியவிட்டான். பதிவேட்டை மாலையில் நிரப்ப உட்கார்ந்தால் அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிடும். மை உறைந்துவிட்டது என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு குளிர்காலம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒருநாள் இடுப்பளவு பனியில் தனியாக இறங்கி, தொக்தோசுன் அகாய் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, நான்தான் போட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பெட்டியிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்து என் கண் முன்னாலேயே தேதியைத் திருத்தினார். அந்த வசந்தத்திலேயே சைரகான் நோக்குநர் ஆனாள். அந்தச் சுருளை முதல் இரவே அவள்தான் எடுத்தாள். பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் அவள் பெயரை அவளே எழுதினாள்.

இதுவரை எழுதி முடித்தேன். மாவட்டப் பத்திரிகைக்காரர்கள் நிலையத்துப் பழைய ஆட்களைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவளுக்குப் படித்துக் காட்டாமல் அனுப்பக்கூடாது என்று, கீழ்க்கிராமத்திலிருந்து சைரகானை வரவழைத்தேன். கண்ணில் புரை விழுந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறாள். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டு சொன்னதை அப்படியே கீழே எழுதுகிறேன். இதில் என் சரக்கு எதுவும் இல்லை.

"கடைசியில சொன்னதை அடிங்க அக்கா. இடுப்பளவு பனியா? நீங்க போனது ஜூன் மாசம். அகாய் ஓய்வு வாங்கிட்டு, நிலையத்துலயே தன் அறையில புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டிருந்தாரு. அவரு கையில அதிகாரமே இல்லாதப்போதான் நீங்க சொன்னீங்க. 'புதுசா வர்றவருக்கு எழுதிக் கொடுக்கட்டுமா'ன்னு அவரு கேட்டாரு. 'வேண்டாம் அகாய், விட்டுடுங்க'ன்னீங்க. நான் தேநீரோட கதவுக்கு வெளியில நின்னேன். கிண்ணம் ஆறிப்போச்சு, திரும்ப சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். அப்புறம் நோக்குநர் வேலைக்கு நானாத்தான் மனு போட்டேன். புது ஆளு என் கண்ணைச் சோதிச்சுட்டு எடுத்துக்கிட்டாரு. கடிதமும் இல்ல, தேதித் திருத்தமும் இல்ல. அப்புறம் அந்த ரெண்டு குளிர்காலம். ரெண்டு இல்ல, ஏழு. எழுத்தால எழுதுங்க. எண்ணால எழுதினா, நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அதை ஒண்ணாக்கிடுவீங்க."